சொல்லாமல் வெட்டிய மடை

1

ஐப்பசி மாதத்தில் என் தகப்பனார் திதி வருகிறது. மலாய் நாட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் இந்த நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் இதைப் பிதுர்பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி ஜயம் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. நானும் மறுத்ததில்லை. அது பக்தி இல்லை, பயம். இந்த வருஷத்துத் திதி கழிந்து இன்றைக்கு நாலாம் நாள். இனியும் மூடி வைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியதால், மயிலாப்பூரில் என்னைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது கிள்ளான் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே வந்தால் கிடைக்கிற ஒரு ரப்பர் தோட்டம். ஓவர்சியர் உத்தியோகம். பெயர்தான் பெரிது, சேற்றில் நிற்கிற வேலை. தோட்டத்துக்கு மேற்கே ஆற்றை ஒட்டிப் பெரிய சதுப்பு நிலம் கிடக்கிறது. அதை வடித்து, கரை போட்டு, சாலை இழுத்து, கூலியாட்களுக்குப் புது லயங்கள் கட்ட வேண்டும். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். கரை இல்லாமல் கால்வாய் நிற்காது, கால்வாய் இல்லாமல் சாலை நிற்காது, சாலை இல்லாமல் மரமும் ஓடும் வந்து சேராது. ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு.

துரையின் அறையில் சுவர் முழுக்க ஒரு படம் மாட்டியிருக்கிறது. எந்த மாதம் எது முடியும் என்று மசியால் கோடு போட்ட படம். என்னிடம் இருப்பது பென்சில் படம். வாரத்துக்கு ஒரு முறை பாதியை அழித்துவிட்டு மறுபடி வரைவேன். ரப்பர் தோட்டத்தில் அழி ரப்பருக்குப் பஞ்சம் வந்த ஆள் நான் ஒருவன்தான் என்று கிராணி கேலி செய்வார். கிராணி என்பது இங்கே தோட்டத்துக் குமாஸ்தாவுக்குப் பெயர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்.

நான் ஒரு வாரத்துக்கு மேல் எதையும் நிச்சயம் என்று எண்ணுவதில்லை. ஐம்பது அடி வெட்டச் சொல்வேன். தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் அடுத்த ஐம்பது அடி எங்கே என்று தீர்மானிப்பது. காலை ஆறு மணிக்கு, கூலியாட்களை மேய்க்கிற கங்காணிகளையெல்லாம் கூட்டிவைத்து, முந்தின நாள் எது தப்பிப்போயிற்று என்று கேட்பேன். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. தப்பைச் சொன்னால் உதை விழும் என்று பழகினவர்கள். நானே என் தப்பு ஒன்றைச் சொல்லி ஆரம்பித்து வைத்தேன். இப்போது போதும் என்றாலும் நிறுத்துவதில்லை. துரைக்கு இது கட்டோடு பிடிக்காது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நகல் எழுதித் தரச் சொல்கிறார். எழுதித் தருகிறேன். சதுப்பில் முக்கால் பங்கு காய்ந்துவிட்டது.

இந்த முறையை எந்தக் கலாசாலையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மாம்பலத்தில் மண் சுமந்த நாகம்மாவிடம் தெரிந்துகொண்டது.

2

மாம்பலத்துக்கு இப்போது தியாகராய நகர் என்று பெயராம். பார்க்கு, பங்களா, பஸ் எல்லாம் வந்துவிட்டதாக மைத்துனன் எழுதுகிறான். நான் பார்த்தது ஏரியை. அதாவது ஏரி இருந்த சேற்றை. ஏரியை வடித்துவிட்டு அந்தத் தரையில் தெருக்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு துண்டை எடுத்திருந்த கண்டிராக்டரிடம் மட்டம் பார்க்கிற வேலைக்கு நான் சேர்ந்தேன். மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே எங்கள் சந்து. அங்கிருந்து தேனாம்பேட்டை வழியாகத் தினமும் சைக்கிளில் போய் வருவேன்.

கொடுத்த படம் பார்க்க அழகான படம். நீலக் காகிதத்தில் வெள்ளைக் கோடுகள். எங்கே தெரு, எங்கே கால்வாய், எந்த இடத்தில் எவ்வளவு சரிவு, எல்லாம் இருந்தது. தண்ணீர் தெற்கே ஓடி அடையாற்றில் விழ வேண்டும். ஆடிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. தண்ணீர் பாதி தூரம் தெற்கே போய், கொஞ்சம் நின்று, வந்த வழியே வடக்கே திரும்பிவிட்டது.

கால்வாய் வெட்டிய கூட்டத்துக்குத் தலைவன் குருவப்பன். மண் வேலையே குலத்தொழிலாக உள்ள ஒட்டர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் மெட்ராஸ் பேச்சு. கரையில் குந்தியிருந்த குருவப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சாமி, தண்ணி ஒம் படத்தப் பாக்கலியா?"

எனக்குச் சுருக்கென்றது. "மட்டம் பார்த்துத்தானே சொன்னேன்? நீங்க வெட்டினதுலதான் கோணல்."

"வெட்டுனது நேராத்தான் கீது. பூமிதான் கோணலா கீது."

கூடையோடு போய்க்கொண்டிருந்த அவன் மனைவி நாகம்மா நின்றாள். "நானும் ஒரு வாரமா சொல்லிக்கினு கீறேன், இந்த ஆளு காதுல வாங்கல. அந்தப் பன மரத்தாண்ட மேடு சாமி. கண்ணுக்குத் தெரியாது. தலையில மண்ணு வச்சிக்கினு நடந்து பாரு, கெண்டக்காலு சொல்லும்."

மட்டக் கருவியை அங்கே தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தேன். முக்கால் அடி மேடு. ஏரிக்குள் என்றைக்கோ யாரோ போட்ட பழைய கரை ஒன்று சேற்றில் மூடிக் கிடந்திருக்கிறது. படம் வரைந்தவருக்கு அது தெரிய நியாயமில்லை.

அன்றிலிருந்து வேலை முறை மாறிவிட்டது. முதலில் நாகம்மாவும் மற்றப் பெண்களும் கூடையோடு நடப்பார்கள். கெண்டைக்கால் இழுக்கிற இடத்தில் ஒரு கல்லை வைப்பார்கள். அப்புறம் நான் கருவி வைத்துப் பார்ப்பேன். ஐம்பது அடி வெட்டி, மாட்டு வண்டிப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவோம். ஓடினால் மேலே போவது, நின்றால் மாற்றுவது. காலையில் வேலைக்கு முன் எல்லோரையும் நிறுத்தி, இன்று எங்கே மடை திறக்கிறோம், எங்கே அடைக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவது. இந்தக் கடைசி விதி குருவப்பன் போட்டது.

"தண்ணியத் திருப்புறதுன்னா கீழ இருக்கிறவன்கிட்ட சொல்லிட்டுத் திருப்பு சாமி. எங்க ஆளுங்க ஆதிலேர்ந்து அப்படித்தான்" என்றான்.

மாற்றங்களை மேலே எழுதி அனுமதி கேட்டால் பதில் வர மூன்று வாரம் ஆகும். மழைக்காலம் மூன்று வாரம் காத்துக்கொண்டிருக்குமா? முதலில் செய்துவிட்டு அப்புறம் எழுதினேன். பிறகு எழுதுவதையும் விட்டுவிட்டேன். புரட்டாசி முடிவதற்குள் வேலை படத்திலிருந்து பத்து இடத்தில் மாறியிருந்தது. எல்லாம் என் தலைக்குள்ளேதான் இருந்தது. அந்த நாளில் நான் வெகு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் சைக்கிளில் ஏறும்போது பாடிக்கொண்டு போவேன்.

3

இங்கே போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆற்றங்கரைப் பக்கம் புதுக் கரையில் கசிவு கண்டது. இந்த ஆற்றில் கடல் நீர் ஏறி இறங்கும். ஏறும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் கரை தாங்காது, கரை போனால் ஆறு மாத வேலையும் போகும். யோசிக்க நேரமில்லை. கிழக்குக் கால்வாயில் ஒரு மடையை வெட்டித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். ஆட்கள் அரைமணியில் வெட்டினார்கள். கரையில் பாரம் குறைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கிழக்குக் கால்வாய் நாலாம் லயத்தை உரசிக்கொண்டு போகிறது. அந்த லயம் பள்ளம். சேலம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள், பிள்ளைகுட்டியாக அறுபது பேருக்குக் குறையாது. நல்ல மழை பிடித்தால் தண்ணீர் நேராக அவர்கள் வாசலுக்குப் போகும். ஆகவே அவர்களிடம் சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு எது தெரியாவிட்டாலும் இது எனக்குத் தெரியும்.

அப்போது கிராணி தூற்றலில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "நாளைக்குத் தகப்பனாற்றை திவசமெல்லோ? நீங்கள் வீட்டை போங்கோ. நான் எல்லாருக்கும் அறிவிக்கிறன்" என்றார்.

"நாலாம் லயத்துக்குக் கட்டாயம் சொல்லணும். மழை பிடித்தால் உடனே மேட்டுக்குப் போய்விடணும்."

"ஓம், ஓம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

போனேன். போய்விட்டேன் என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். லயம் எதிர்ப்பக்கத்தில் அரை மைல். வீட்டில் ஜயம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்னா, இன்னிக்கு ராத்திரி பலகாரம்தான், ஞாபகம் இருக்கோல்லியோ? இப்படி நனைஞ்சுண்டு வந்திருக்கேளே, ஜலதோஷம் பிடிச்சுண்டா நாளைக்கு எப்படி உக்காருவேள்?"

வெந்நீர் போட்டிருந்தாள். குளிக்கும்போது, கிராணி சொல்லியிருப்பார் என்று மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

4

மாம்பலத்திலும் திதிக்கு முதல் நாள்தான்.

தெற்கே ஒரு தெருவின் குறுக்கே சின்னப் பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். வேலை முடியவில்லை, சாரமும் மண்ணும் பாலத்தின் அடியை அடைத்திருந்தன. இரண்டு நாள் தூற்றலிலேயே தண்ணீர் எதிர்த்துக்கொண்டு, புதிதாகக் குடிவந்த வீடுகளின் வாசல் வரைக்கும் ஏறிவிட்டது. வீட்டுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். நான் கால்வாயின் கரையில் ஒரு மடை வெட்டி, பக்கத்தில் மண் எடுத்த பெரிய பள்ளத்துக்குத் தண்ணீரைத் திருப்பினேன். குருவப்பன் கூட்டம் அங்கே இல்லை. அடையாற்றின் முனையில் தூர் வாரப் போயிருந்தார்கள். விடியுமுன் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். சைதாப்பேட்டையிலிருந்து வந்த வேறு ஆட்கள் வெட்டினார்கள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தாழ்ந்த தரையில் ஒட்டர்களின் குடிசைகள். பாய் வளைத்துக் கட்டினவை, உள்ளே குனிந்துதான் போக வேண்டும். அதில் ஒன்றில் நாகம்மா மூன்று நாளாகச் சுரத்தில் படுத்திருந்தாள். இதுவும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் முழுவதும் அவளை இடுப்பளவு தண்ணீரில் நடக்கவிட்டவன் நான்தான். எழுந்திருக்க வேண்டாம், படு என்று சொன்னவனும் நான்தான்.

பள்ளம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். சாதாரண மழைக்குத் தாங்கும். பெரிய மழைக்குத் தாங்காது, போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன். குடிசைகள் இரண்டு பர்லாங்கு. ஆனால் மறுநாள் திவசம். அந்தக் குடிசைகளுக்குள் போய்விட்டு வந்தால் வீட்டில் மறுபடி தலைமுழுக வேண்டும். அப்போதே எனக்கு மூக்கு அடைத்திருந்தது. நாளைக்கு ஒருநாள் போகட்டும், நாளன்றைக்குக் காலையில் எல்லோரையும் நிறுத்திச் சொல்லிக்கொள்ளலாம் என்று சைக்கிளைத் திருப்பினேன்.

காரணம் இவ்வளவுதான். பதினோரு வருஷமாக இதற்கு மேல் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

மறுநாள் ஹோமம் முடிந்து இலை போட்ட சமயத்தில் மழை பிடித்தது. தூற்றல் இல்லை. முற்றத்தில் கொட்டின தண்ணீர் தூம்பில் அடங்காமல் கூடத்துக்கு ஏறியது. திவசம் நடத்திவைத்த வாத்தியாரிடம், "ஒரு நிமிஷம் வெளியே போய் யாரையாவது அனுப்பிவிட்டு வரேன்" என்றேன்.

"நன்னாயிருக்கு! பிதுர்க்கள் வந்து உக்காந்திண்டிருக்கா. கர்த்தா எழுந்துண்டு போறதாவது!"

பிதுர்க்களாக வரித்து இலையில் உட்காரவைத்த பிராமணர்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள். அவர்களைப் பார்த்துச் சீக்கிரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பது என் அப்பா. அப்பாவை அவசரப்படுத்துவது எப்படி? இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டார் ஒருவர். பரிமாறினேன். திரட்டுப்பால் நன்றாக இருக்கிறது என்றார். பரிமாறினேன். கூரை மேல் மழையின் சத்தம் கூடிக்கொண்டே போயிற்று. எழுந்து ஓடியிருக்கலாம். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை.

எல்லாம் முடிந்து நான் மாம்பலம் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. குடிசைகள் இருந்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் தப்பி ரோட்டு மேட்டில் ஏறியிருந்தார்கள். நாகம்மாவைப் பள்ளத்தின் கரையில் கிடத்தியிருந்தார்கள். சுரத்தில் எழுந்திருக்க முடியாதவளின் மேல் பாயும் மூங்கிலும் விழுந்து அமுக்கியிருக்கிறது.

குருவப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்து நின்றான், வழக்கம்போல. கரையில் புதிதாக வெட்டியிருந்த மடையை ஒரு தரம் பார்த்தான். அவன் கத்துவான், அடிப்பான் என்று நினைத்தேன்.

"நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மேட்டாண்ட இட்டுனு போய்ப் படுக்க வச்சிருப்பனே சாமி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

விசாரணை நடந்தது. படத்தைப் பரப்பிப் பார்த்தார்கள். படத்தில் அந்த மடையே இல்லை. இல்லாத மடை வழியாகத் தண்ணீர் எப்படி வரும்? பெருமழையே காரணம் என்று எழுதி முடித்தார்கள். அதன் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். தை மாதம் கப்பல் ஏறினேன். வெளிநாட்டில் முன்னுக்கு வரலாம் என்று வீட்டில் சொன்னேன், நம்பினார்கள்.

5

சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து சாஸ்திரிகள் பத்து மணி பஸ்ஸில் வந்தார். ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இலையில் உட்கார மூன்று பேர் கிடைக்காத ஊர் இது. அவர் ஒருவரை வைத்தே சுருக்கமாக நடத்துவது வழக்கம். ஈர வேஷ்டியோடு மணையில் உட்கார்ந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தைரியமாக இருந்தது.

என் மகள் ருக்குவுக்குப் பதினாலு வயது. கான்வெண்டில் படிக்கிறாள். தமிழ் எழுத்து தெரியாது. கோபம் வந்தால் இங்கிலீஷ், விளையாட்டுக்கு மலாய், சோற்றுக்கு மட்டும் தமிழ். இந்தக் காரியங்களிலெல்லாம் அவளுக்கு ஒட்டுதல் இல்லை. மயிலாப்பூருக்கு ஒரு தரம் அழைத்துப்போக வேண்டும் என்று ஜயம் அழுவாள். அங்கே போய் என்ன செய்வது என்று இவள் கேட்பாள். அன்று வாழையிலை வாங்கிவர ஆபீஸ் பக்கம் அனுப்பியிருந்தோம். சங்கல்பம் முடிந்த சமயம் திரும்பி வந்தாள்.

"அப்பா, ஆபீஸ் போர்டுல உங்க நோட்டீஸ் ஒட்டியிருக்கு. நாலாம் லயன் பத்தி."

"என்ன நோட்டீஸ்?"

"மழை வந்தா மேட்டுக்குப் போங்கன்னு. நல்ல இங்கிலீஷ், டைப் அடிச்சிருக்கு." சிரித்தாள். "யாரு படிக்கிறது அதை? அவாளுக்குத் தமிழே படிக்கத் தெரியாதே!"

கிராணி ஏமாற்றவில்லை. இந்தத் தோட்டத்தில் அறிவிக்கிறது என்றால் டைப் அடித்து ஆபீசில் ஒட்டுவது; மூன்று நகல். அது அவருடைய முறை. தவறு என்னுடையது.

"அப்பா, ஹுஜான் வரப் போறது" என்றாள் ருக்கு ஜன்னலைப் பார்த்து. ஹுஜான் என்றால் மலாயில் மழை. மேற்கே ஆற்றின் மேல் வானம் இருண்டுகொண்டு வந்தது. காற்று நின்றுவிட்டது. இடி எங்கேயோ உருண்டது.

சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருப்பிச் சொன்னேன், தப்புத் தப்பாக. எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் நிற்காமல் மணையில் சிந்தின. ஜயம் பயந்துபோய், "ஏன்னா, உடம்புக்கு என்ன?" என்றாள். என்ன என்று சொல்வது? பதினோரு வருஷத்துக் கதையை ஈர வேஷ்டியோடு எங்கே ஆரம்பிப்பது? எழுந்திருக்க வேண்டும் என்று மனசு சொன்னது. கால் எழுந்திருக்கவில்லை. பயத்தில் மனிதன் ஓடுவான் என்பார்கள், நான் உட்கார்ந்துவிடுகிறவன். முன்பும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது இடி பக்கத்தில் விழுந்தது. எப்படி எழுந்தேன் என்று தெரியாது, எழுந்திருந்தேன். விரலிலிருந்த தர்ப்பைப் பவித்திரத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"என்ன பண்றேள்? பாதியில எழுந்துக்கப்படாது!" என்றார் சாஸ்திரிகள்.

"அபசாரம்னா! அப்பா காத்திண்டிருக்கார்!" என்றாள் ஜயம்.

"அப்பா பசி தாங்குவார் ஜயம்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு இறங்கி ஓடினேன். ருக்கு என்னைத் தாண்டிச் சைக்கிளில் முன்னால் போனாள்.

6

லயத்துக்கு நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள் ருக்கு அங்கே தொங்குகிற தண்டவாளத் துண்டைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ராமாயி அக்கா! செல்லி! பாப்பாவைத் தூக்கிண்டு வாங்கோ!" அத்தனை பேரின் பெயரும் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.

கங்காணி முத்து வெற்றிலையை மென்றுகொண்டு வந்தான். "தொரை உத்தரவு இருக்குங்களா?"

"இல்லை. நேத்து நான் அங்கே மடை வெட்டினேன். மழை வந்தால் தண்ணீர் இங்கேதான் வரும். எல்லோரையும் மேட்டுக்கு ஏற்று."

"தொரை கேட்டா?"

"நான் சொன்னேன் என்று சொல்."

என்னை மேலும் கீழும் பார்த்தான். ஈர வேஷ்டி, வெறும் உடம்பு, முழங்கால் வரைக்கும் சேறு. பைத்தியத்துக்கு எதிர்ப்பேச்சு எதற்கு என்று நினைத்திருப்பான். சத்தம் போட்டு ஆட்களைக் கிளப்பினான். பாய், சட்டி, கோழிக்கூடை, தொட்டில் சேலை, கட்டிலோடு நோயாளிகள் இரண்டு பேர், எல்லாம் மேட்டுக்கு ஏறின. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் அறுபது பேர் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு அறையாகக் குனிந்து பார்த்தேன். இரண்டாம் தரமும் பார்த்தேன். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு மேலே ஏறி மழைக்காகக் காத்திருந்தேன்.

மழை பெய்யவில்லை.

கால் மணி, அரை மணி, முக்கால் மணி. காற்று கிளம்பி அந்த மேகத்தையெல்லாம் கடல் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. வெயில் சுள்ளென்று விழுந்தது. கீழே கிழக்குக் கால்வாய் ஒரு சாண் தண்ணீரோடு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. ஒரு கிழவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முணுமுணுத்தார். ஒரு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. சாஸ்திரிகள் அதில் போய்விட்டார். விட்டுப்போனதை அமாவாசையில் செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். துரையிடமிருந்து திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. உத்தரவில்லாமல் அரைநாள் வேலையை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு. எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலை இருக்குமா என்று இன்னும் தெரியாது. மடையைப் பென்சில் படத்திலும் போட்டுவிட்டேன், மூன்று நகலிலும் போட்டுவிட்டேன். இந்தத் தடவை அது எல்லாப் படத்திலும் இருக்கிறது.

ஆனால் அன்று மேட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி கூட்டத்திலிருந்து எழுந்து நேரே என்னிடம் வந்தாள்.

"ஏஞ்சாமி, அடுப்புல சோத்த வச்சது வச்சபடி ஓடியாந்தேனே, இந்நேரம் கரியாப் போயிருக்குமே! எங்க உங்க மழ? கொஞ்சம் காட்டுங்க, பாப்போம். பச்சப்புள்ளைய இந்த வெயில்ல போட்டு வாட்டறீங்களே, நீங்கள்லாம் புள்ள பெத்தவங்கதானா? உங்களுக்கு என்ன, படம் வரஞ்சிக்கிட்டு நெழல்ல நிக்கிறவங்க!"

கங்காணி ஓடிவந்து அவள் வாயை அடக்கப் பார்த்தான். நான் கையைக் காட்டி அவனை விலக்கினேன். அவள் என் வேலையை, என் படிப்பை, என் குடுமியை, என்னைப் பெற்றவர்களை எல்லாம் ஒரு பிடி பிடித்தாள். வேர்த்து வழியும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நின்றேன். குருவப்பன் அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டியது இது. நடுவில் மூச்சு வாங்குவதற்காக ஒரு தரம் நிறுத்தினாள். எங்கே அதோடு நிறுத்திவிடப் போகிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.